ஊரார் நூல், ஒரே போர்வை

சென்னிமலை வட்டாரத்தில் மிச்ச நூல் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பது கடினம். ஈரோடு மாவட்டத்தின் இந்த ஊர் போர்வைக்குப் பேர் போனது. 1941-இல் தொடங்கிய சென்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பேரை வெளியூர்களுக்கும் கொண்டு சென்றது. தறியைப் பிரித்துப் போட்டுவிட்ட வீடுகளில்கூடப் பரண்மேல் ஒரு மூட்டை கிடக்கும். பாவு அறுத்த மிச்சம், சாயம் ஒத்து வராமல் ஒதுக்கிய சிட்டம், பாதி சுற்றிய தார் எல்லாம் அதில் இருக்கும். யாரும் அதை விற்பதில்லை, எறிவதுமில்லை.

அங்கே கைத்தறி வைத்திருக்கும் பெண் நெசவாளி ஒருவர், நீலகிரிக் குளிரில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போர்வை நெய்து தர ஒப்புக்கொண்டார். நூலைக் கடையில் வாங்காமல் ஊரிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். தெருவில் இரண்டு பேரிடம் சொன்னார், அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். திண்ணையில் மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கின.

தறி நூல் மட்டும் வரவில்லை. ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிப் பாதியில் விட்ட கம்பளி உருண்டைகள் வந்தன. பட்டுச் சேலைத் தறியிலிருந்து மிஞ்சிய இழைகள், பூ வேலைக்கு வாங்கிய எம்பிராய்டரி நூல், பொங்கலுக்கு மாடு கட்ட வாங்கியதாகச் சொன்ன வண்ணக் கயிறு ஆகியவையும் வந்தன. வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அம்மிணி, இது எங்கூட்டுக்காரரு கடைசியா நெஞ்ச போர்வையோட மிச்சம். குப்பையில போட மனசு வரல. நீயே எதுலயாவது சேத்துப்போடு.”

எதிலாவது சேர்ப்பது எளிதல்ல. எந்த நூலை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. கொடுத்தவரின் மனதை மதிப்பது வேறு, கொடுத்த நூலின் பலத்தை அறிவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் போர்வை இரண்டு சலவைக்கு மேல் தாங்காது.

அதனால் முதலில் பிரிப்பு. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு முழம் நூலை எடுத்து இரு கையாலும் பிடித்துச் சட்டென்று இழுப்பார். நல்ல பருத்தி நூல் விரலை அறுக்கப் பார்க்கும். வெயில் பட்டும் ஈரம் குடித்தும் நாள்பட்ட நூல் சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும். அப்படி மக்கிப்போனதை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், தறிக்கு எடுப்பதில்லை.

அடுத்தது தீச் சோதனை. தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே, இடுக்கியில் ஒரு துண்டு நூலைப் பிடித்துப் பற்றவைத்தால் அதன் பிறப்பு தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் பறக்கும் சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி முடி பொசுங்கும் வாடையோடு சுருண்டு, தீயை எடுத்ததும் தானே அணையும். விரலால் நசுக்கினால் கரி பொடியாகும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கட்டியாக இறுகும். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். வந்த உருண்டைகளில் உண்மையான ஆட்டுக் கம்பளி மிகக் குறைவு.

இந்த வேறுபாடு போர்வைக்கு ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு நூலும் தண்ணீரில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பருத்தி முதல் சலவையில் சுருங்கி அத்தோடு நிற்கும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தடித்துச் சிறுத்துவிடும். அக்ரிலிக் சுருங்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளத்துத் தட்டையாகிவிடும். மூன்றையும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெந்நீரில் துவைத்த பிறகு ஒரு பட்டை இழுத்துக்கொள்ளும், அடுத்தது உப்பி நிற்கும்.

சாயமும் இருக்கிறது. சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் அவர் முழுதாக நம்புவதில்லை. வெள்ளைப் பருத்தி நூலோடு முடிந்து, சோப்புத் தண்ணீரில் சூடுகாட்டிப் பார்ப்பார். வெள்ளையில் கறை ஏறினால் அந்தச் சிட்டத்தைத் தண்ணீர் தெளியும்வரை அலசுவார். அப்படியும் தெளியாவிட்டால் அதன் இடம் கருநிறப் பட்டைக்குள் மட்டும்தான். வெளிர்நிறத்தின் பக்கத்தில் அது வரவே வராது.

பழைய ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அவற்றைப் பிரித்து நூலாக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பின்னிய துண்டுகளைக் கையால் இணைத்திருந்தால் இணைப்பைப் பிரித்துவிட்டு ஒரு முனையிலிருந்து இழுக்க, நீளமாக வந்துகொண்டே இருக்கும். ஆலையில் பின்னிய துணியை வெட்டி, ஓரத்தை ஓவர்லாக் அடித்திருந்தால், ஒவ்வொரு வரிசையும் அறுந்த துண்டாகத்தான் கழலும். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய்வதற்குள் நேராகிவிடும்.

இத்தனை பிரிப்புக்கும் அடியில் ஒரே விதிதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு வேலை செய்யும் விதம் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை வேலை செய்யும் விதம் வேறு. பாவு நாள் முழுக்க விறைப்பாக இழுபட்டு நிற்க வேண்டும். மிதி மிதிக்கும்போதெல்லாம் விழுது அதை ஏற்றி இறக்கும், அச்சு அதன்மேல் முன்னும் பின்னும் உரசும். ஒரு இழை மட்டும் மற்றவற்றைவிட நீண்டு கொடுத்தால் அது தொய்ந்து நாடாவில் மாட்டும். ஊடைக்கு அந்தத் தண்டனை இல்லை. நாடாவிலிருந்து ஒருமுறை விழுந்து, அச்சில் அடிபட்டு, பாவு பிடித்துக்கொண்டதும் அதன் பாடு முடிந்தது. எனவே தானமாக வந்த நூல் முழுவதும் ஊடைக்கு. பாவுக்கு ஒரே வகையான, புதிய, முறுக்கேறிய இரட்டை இழைப் பருத்தி நூல். அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கினார்.

பலர் கொடுத்த நூலை ஒரே துணியாக்கும்போது வரும் இந்தச் சிக்கலை இந்த நாடு பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1924 டிசம்பரில் காந்தி தலைமை ஏற்ற பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவை நூலாக்கியது. மாதம் 2,000 கஜம் கைநூல் தர வேண்டும், அதுவும் சீராக நூற்றதாக இருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கமும் உறுப்பினர்களிடம் நூலையே சந்தாவாகக் கேட்டது. காந்தி மறைவுக்குப் பிறகு, அவருடைய அஸ்தியைக் கரைத்த பிப்ரவரி 12-ஆம் நாளை ஒட்டி நடந்த சர்வோதய மேளாக்களில் மக்கள் தாங்கள் நூற்ற சிட்டத்தைச் சூத்ராஞ்சலியாக, அதாவது நூல் காணிக்கையாகச் செலுத்தினார்கள். காந்தியின் சீடர் வினோபா பாவே அந்த வழக்கத்தை ஊர் ஊராக வளர்த்தார்.

‘சீராக’ என்ற அந்த நிபந்தனையில் நெசவாளியின் கவலை முழுவதும் இருக்கிறது. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்த கைநூல் பாவில் அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கூலி நெய்த துணிக்குத்தானே தவிர முடிச்சுக்கு இல்லை. கைநூலைப் பாவாக ஏற்க நெசவாளர்கள் தயங்கியதற்கு இதுவே காரணம். அன்போடு நூற்றவருக்கும் கையால் நெய்தவருக்கும் இடையே பலத்தைச் சோதித்துத் தரம் பிரிக்க ஒருவர் வேண்டியிருந்தது. சென்னிமலைத் திண்ணையில் நடந்ததும் அதே வேலைதான்.

இனி கணக்கு. முடிந்த போர்வை 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் இருக்க வேண்டும். அவருடைய தறியின் அகலம் 36 அங்குலம். ஆகவே இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைக்க வேண்டும். அச்சில் 36 அங்குலமாக நிற்கும் துணி, தறியிலிருந்து இறங்கிச் சலவையும் கண்டபின் 31 அங்குலத்துக்கு வந்துவிடும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஒவ்வொரு பாதிக்கும் 108 அங்குலம் நெய்ய வேண்டும். இரண்டு பாதிக்கு 216. நான்கு முனைக்கும் குஞ்சம் விட 24. கடைசியில் விழுதுக்கும் பாவு உருளைக்கும் இடையே நின்றுபோய் நெய்ய முடியாமல் அறுக்க வேண்டியது 30. ஆக மொத்தம் 270 அங்குலம், அதாவது ஏழரைக் கஜம்.

அங்குலத்துக்கு 12 இழை வீதம் 432 இழை. ஏழரைக் கஜத்தால் பெருக்கினால் 3,240 கஜம் பாவு நூல். ஊடை அங்குலத்துக்கு எட்டு என்றால், ஓரத்தில் திரும்பும் வளைவையும் சேர்த்து ஏறக்குறைய 1,900 கஜம் வேண்டும். அந்தக் காலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் ஒரு மாதச் சந்தா நூலின் நீளம் அது. ஆனால் ஒற்றை இழையாக ஓட்டினால் வடிகட்டும் துணிதான் கிடைக்கும், குளிர் தாங்கும் போர்வை கிடைக்காது.

தானம் வந்த நூல்கள் ஒன்றுசேரும் இடம் இதுதான். பத்தாம் எண் நூல் இரண்டை முறுக்கிய 2/10 பருத்தி நூல் என்றால் ஆறு இழைகளைச் சேர்த்து ஒரே ஊடையாகத் தாரில் சுற்றுவார். ஸ்வெட்டர் நூல் என்றால் இரண்டு இழை போதும். கையில் பிடித்து உருட்டிப் பார்த்தால் எல்லாக் கற்றைகளும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். அப்போதுதான் அச்சு அடிக்கும்போது பட்டைக்குப் பட்டை அடர்த்தி மாறாது. இப்படி நெய்தால் முழுப் போர்வை ஒன்றரைக் கிலோ எடைக்கு வரும். படுத்திருக்கும் முதியவருக்குக் கனமாகவும் இருக்காது.

நிறம் சேர்ப்பதிலும் இந்தக் கற்றை கைகொடுக்கிறது. ஒருவர் கொடுத்த கத்தரிப்பூ நிறம் ஐம்பது கஜம்கூட இருக்காது. தனியாக ஓட்டினால் ஓரங்குலப் பட்டையோடு தீர்ந்து, திடீரென்று அறுந்ததுபோல் தெரியும். அதையே சாம்பல் நிற இழைகளோடு ஒரு இழையாகக் கலந்தால் பல அங்குலத்துக்கு ஓடும். கண்ணுக்கு அது இருப்பது தெரியும், ஆனால் உறுத்தாது. நூல்களை முதலில் நிறவாரியாக அடுக்காமல், வெளுப்பு முதல் கருமை வரை அடுக்குவது அவர் வழக்கம். பச்சையும் சிவப்பும் சண்டையிடுவதுபோல் தோன்றினாலும் இரண்டும் ஒரே அளவு கருமையாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒத்துப்போகும். எல்லாப் பட்டைகளுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறம் மீண்டும் மீண்டும் வந்துபோகும். அந்த அம்மா மஞ்சள் பையில் கொடுத்ததுதான் அது. அளவில் அதிகமாகவும் நல்ல பலத்தோடும் இருந்ததால் அந்த இடம் அதற்குக் கிடைத்தது.

பட்டு இழை மெல்லியதானாலும் உறுதியானது. பருத்தியோடு கற்றையில் கலந்துவிட்டார். பட்டோடு வந்த ஜரிகை போர்வையின் நடுவில் வந்தால் உடம்பை உறுத்தும். அதனால் காலடிப் பக்கம் ஒரு வரியோடு நிறுத்தினார். மாட்டுக் கயிறு மட்டும் போர்வைக்குள் வரவில்லை, மூட்டை கட்டப் பயன்பட்டது.

நெய்யும்போது கவனம் முழுவதும் கரையில். ஸ்வெட்டர் நூல் ரப்பர் குணம் உள்ளது. தார் சுற்றும்போது இழுத்துச் சுற்றினால் துணிக்குள் போனபின் பழைய நீளத்துக்குச் சுருங்கிக் கரையை உள்ளே இழுக்கும். அதனால் ராட்டையில் தளர்வாகச் சுற்றி, நாடா கடந்ததும் ஊடையை நேராக விடாமல் வில்போல் சற்று வளைத்து விட்டு, பிறகுதான் அச்சை அடிப்பார். ஒரு தார் தீர்ந்து அடுத்தது தொடங்கும்போது முடிச்சுப் போடாமல், இரண்டு முனைகளையும் ஓரிரு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு அடித்துவிடுவார். முடிச்சு உடம்பில் உறுத்தும், படியவிட்டது உறுத்தாது. முதல் பாதியின் பட்டை வரிசையை ஒரு நீளத் துணித்துண்டில் குறித்துக்கொண்டு அதையே பார்த்து இரண்டாம் பாதியை நெய்தால்தான் நடுத் தையலில் பட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்.

பிறகு தையல், குஞ்சம் முறுக்கு, குளிர்ந்த நீரில் மென்மையாக ஒரு சலவை, நிழலில் உலர்த்தல். இல்லத்துக்குப் போகும்போது ஒரு மூலையில் துணிச் சீட்டும் தைக்கப்பட்டது: பச்சைத் தண்ணீர், மென் சோப்பு, இஸ்திரி வேண்டாம். பலவகை நூல் கலந்த துணிக்கு அதில் உள்ள மிக மென்மையான நூல் எதைத் தாங்குமோ அதுதான் சலவை விதி. அதைச் சொல்லாமல் கொடுத்தால், முதல் வெந்நீர் வாளியிலேயே ஊராரின் உழைப்பு சுருண்டுவிடும்.

தறி ஓய்ந்தபின் மிச்சம் தரையில் கிடக்கும். பாவின் 270 அங்குலத்தில் 30 அங்குலம் அறுத்தது. ஒன்பதில் ஒரு பங்கு, 360 கஜம் நல்ல நூல், 432 துண்டுகளாக! இதைக் குப்பை என்று சொல்ல எந்த நெசவாளிக்கும் வாய் வராது. ஜப்பானில் தறி மிச்ச நூல்களை முடிந்து நெய்யும் துணிக்குச் ‘சான்ஷி’ என்று தனிப்பெயரே உண்டு. பருத்தி விளையாத வடபகுதிகளில் கப்பலில் வந்த பழந்துணியைக் கிழித்து, நார்ப் பாவில் ஊடையாக்கி ‘சாகியோரி’ நெய்தார்கள். வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதனை ஒட்டிய ஊர்களில், பழைய பருத்திச் சேலையை நீளக் கிழித்துப் புதுப் பாவில் ஓட்டி நெய்யும் ‘கேஷ்’ இன்றும் விற்பனையில் இருக்கிறது. பின்னிரண்டிலும் பாவு உறுதியானது, பழையது ஊடையில். கடலால் பிரிந்த கைகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

அவர் துண்டுகளை நெசவாளர் முடிச்சால் நுனிக்கு நுனி இணைத்தார். சிறிய, தட்டையான, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. முடிச்சில் போனது போக 340 கஜம் தேறியது. ஆறு இழைக் கற்றையாக்கினால் அடுத்த போர்வையின் இரண்டு பாதிக்கும் சேர்த்து ஆறேழு அங்குலப் பட்டை வரும். முடிச்சின் வால்களை நறுக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் அந்தப் பட்டை பஞ்சுபோல் பொசுபொசுவென்று இருக்கும். அதைப் பாதம் வரும் இடத்தில் வைத்தார்.

முடியப்போதாத குட்டைத் துண்டுகளுக்கும் வழி இருக்கிறது, ஆனால் அங்கேயும் பிரிப்பு வேண்டும். பருத்தித் துண்டுகளைத் துணிக்குள் திணித்துச் சும்மாடும் பாத்திரம் இறக்கும் பிடிதுணியும் செய்யலாம். அக்ரிலிக்கை அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது, உருகிக் கையில் ஒட்டும். அது பொம்மைக்கும் தலையணைக்கும் போகட்டும். அழுக்குப் பருத்தியை லேத் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். எதற்கும் உதவாததை மீண்டும் பஞ்சாகக் கிழித்து நூற்கும் தொழிலும் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்டை நிறவாரியாகப் பிரித்து, கிழித்து, கொங்கு வட்டாரத்து ஓப்பன் எண்ட் நூற்பாலைகள் நூலாக்குகின்றன. நிறம் பிரித்துப் போடுவதால் பலவற்றுக்குப் புதுச் சாயமே வேண்டியதில்லை. கம்பளிக் கந்தலில் இதைச் செய்யும் முறை 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கியது. இன்று அதன் பெரிய களம் ஹரியானாவின் பானிபட். பேரிடர்களில் கொடுக்கும் மலிவுக் கம்பளிகள் பெருமளவு அங்கிருந்து வருகின்றன.

கூடிச் செய்வதற்கு நெசவு மட்டுமே வழியல்ல. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், பல ஊர்ப் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த முறையில் அவரவர் துண்டு அவரவர் கையால் முழுமையாகிறது, இணைப்பது மட்டுமே பொது. தறியில் அப்படி இல்லை. ஒருவர் கொடுத்த நூல் இன்னொருவர் நூலோடு ஒரே கற்றையில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. “என்னுது எங்கக்கா இருக்கு?” என்று கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவர் போர்வையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ஒரு கற்றைக்குள் ஓடும் ஒற்றைப் பச்சை இழையை விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண் மறுவாரம் இன்னும் இரண்டு உருண்டை கொண்டுவந்தாள்.

இரண்டாவது பாவுக்கு அவர் கேட்டது வேறு மாதிரி. நூல் இருப்பவர்கள் நூல் தரட்டும், பரண் காலியானவர்கள் பாவு நூல் வாங்கப் பணம் தரட்டும். மூட்டையோடு என்ன நூல், எத்தனை வருடத்தது என்று ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும். ஏழரைக் கஜத்துக்குப் பதில் இந்த முறை மூன்று போர்வைக்குச் சேர்த்து ஒரே பாவாக 750 அங்குலம் ஓட்டினார். அறுபடுவது அதே 30 அங்குலம்தான், ஆனால் இப்போது அது ஒன்பதில் ஒரு பங்கல்ல, இருபத்தைந்தில் ஒரு பங்கு.

அதையும் இந்த முறை அறுக்கவில்லை. மூன்றாவது பாவு அதே 432 இழையில் வருவதால், பழைய பாவின் முனைகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே நிறுத்திவைத்து, புதிய இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கலாம். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரு நுனிகளையும் சேர்த்து ஒரு திருகு, மடக்கி இன்னொரு திருகு. மஞ்சள் பை கொண்டுவந்த அம்மா தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்க, இவர் பிணைத்துக்கொண்டே போனார். நூறு இழை தாண்டியதும் அந்த அம்மா, “தள்ளிக்க அம்மிணி, நான் பிணைக்கறேன்” என்று இடம் மாறி உட்கார்ந்தார்.